சுருளை எறிந்துவிட்டு ஆணியை வாயில் வைப்பது: புகையிலையை விடக் கராம்பு எவ்வளவு தூரம் உதவும்?

விசேட வீடுகளில் தாம்பூலச் சுருள் மடிப்பவர்கள், சுருள் பிரியாமலிருக்க நடுவில் ஒரு கராம்பைக் குத்தி வைப்பார்கள், ஆணி அடித்த மாதிரி. வாயில் போடுகிறவர் அதையும் சேர்த்தே மெல்லுவார். புகையிலையை விட நினைப்பவருக்குத் தேயிலைத் தோட்டப் பக்கம் சொல்லப்படும் கைவைத்தியமும் இந்த ஆணியிலிருந்துதான் தொடங்குகிறது. சுருளை எறிந்துவிடு, ஆணியை மட்டும் வாயில் வை என்பதுதான் மொத்த வைத்தியம்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் எத்தனை கராம்பு, எவ்வளவு நேரம், வாயில் எந்த இடத்தில், யாருக்கு ஆகாது என்பதெல்லாம் தெரியாமல் செய்தால் மூன்றாம் நாள் வாய் புண்ணாகும். நான்காம் நாள் வெற்றிலைப் பை மறுபடியும் இடுப்புக்கு வந்துவிடும்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கராம்பில் நிக்கோட்டின் இல்லை. நிக்கோட்டின் கேட்டுத் துடிக்கும் மூளைக்கு அதனிடம் பதில் கிடையாது. அது செய்வது வாய்க்கான வேலை. புகையிலை ஆசை அலை போல எழும், சில நிமிடங்களில் உச்சிக்குப் போகும், பிறகு தானாக இறங்கும். அந்தச் சில நிமிடங்களுக்கு வாய்க்குக் காரமாக, சூடாக, உமிழ்நீர் ஊற வைக்கும் ஏதாவது ஒன்று வேண்டும். ஒரு கராம்பின் காரம் ஏறக்குறைய பத்து நிமிடம் நிற்கும், அலையைத் தாண்ட அது போதும்.

வெற்றிலை வாய்க்குள் நடப்பது

வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்று நான்கையும் ஒன்றாகப் போடுகிறோம். ஆனால் நான்கும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

புகையிலையில் நிக்கோட்டின் இருக்கிறது. பாக்கில் அரிகோலின் என்ற இன்னொரு பொருள் இருக்கிறது. வெற்றிலை போட்டதும் காது சூடாகி, நெற்றி வியர்த்து, உடம்பில் ஒரு சுறுசுறுப்பு வருகிறதே, அதில் பெரும்பங்கு பாக்குடையது. ஆகவே “நான் பொயிலை போடுறதில்ல, வெறும் பாக்குதான்” என்பவரும் பழக்கத்துக்குள்தான் இருக்கிறார். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக 1985 இலேயே வகைப்படுத்தியது. புகையிலை சேராத கூட்டும், பாக்கு தனியாகவும் புற்றுநோய் உண்டாக்கும் என்ற அதன் மதிப்பீடு 2004 இல் வெளிவந்தது.

சுண்ணாம்பு பலரும் கணக்கில் எடுக்காத ஆள். நிக்கோட்டினும் அரிகோலினும் வாய்த்தோல் வழியாக இரத்தத்துக்குப் போக, வாயில் அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை இருக்க வேண்டும். அந்தக் காரத்தன்மையைக் கொடுப்பது சுண்ணாம்புதான். சுண்ணாம்பு குறைந்த அன்று “வெத்தல ஏறவே இல்ல” என்று சொல்வதன் இரகசியம் இதுதான். பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்தால்தான் அந்தச் சிவப்பும் வரும். போதாக்குறைக்குச் சுண்ணாம்பு வாயின் மென்தோலை அரிக்கவும் செய்கிறது.

மீதி வெற்றிலை. அதன் காரத்துக்கும் மணத்துக்கும் காரணமான எண்ணெய்ப் பொருள்களில் இயூஜினோலும் அதன் நெருங்கிய சொந்தமான சாவிபெட்டோலும் முக்கியமானவை. கராம்பு எண்ணெயில் முக்கால் பங்குக்கு மேல் இருப்பதும் அதே இயூஜினோல்தான். வெற்றிலைக்குப் பழகிய நாக்குக்குக் கராம்பு அந்நியமாகத் தெரியாததற்கு இதுதான் காரணம். மிளகோ இஞ்சியோ அந்த இடத்தில் அவ்வளவாக ஒட்டாது. பழைய தமிழில் தாம்பூலத்தோடு சேரும் ஐந்து வாசப் பொருள்களைப் பஞ்சவாசம் என்பார்கள். இலவங்கம் என்ற பெயரில் கராம்பும் அதில் உண்டு. புதிதாக எதையும் வாய்க்குள் கொண்டுவரவில்லை, பழைய கூட்டிலிருந்து கெடுதல் செய்பவற்றை மட்டும் வெளியே அனுப்புகிறோம்.

நல்ல கராம்பு எப்படி இருக்கும்?

கராம்பு என்பது மலராத மொட்டு. மொலுக்கா தீவுகளில் பிறந்த மரம் இது. இலங்கையில் கண்டி, மாத்தளை, கேகாலைப் பக்கங்களின் நடுத்தர உயரத்தில் நன்றாக வளர்கிறது. நுவரெலியாக் குளிருக்கு அது ஒத்துவராது. அதனால் கலஹா, உக்குவளைப் பக்கத்தவர் வீட்டுத் தோட்டத்திலேயே பறித்துக்கொள்ளலாம், ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தவர் டவுன் கடையில் வாங்க வேண்டியதுதான்.

வீட்டு மரத்தில் பறிப்பவர்கள், மொட்டு பச்சையிலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறும்போதே பறிக்க வேண்டும். விரிந்துவிட்டால் காரம் போய்விடும். காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, சாக்கில் பரப்பி நான்கைந்து நாள் நல்ல வெயிலில் காய வையுங்கள். மூன்று கிலோ பச்சை மொட்டு ஏறக்குறைய ஒரு கிலோவாகச் சுருங்கும். வளைத்தால் வளையாமல் படக்கென்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். மழை நாளில் அரைகுறையாகக் காய்ந்ததை டப்பாவில் அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்ததைக் கழுவிப் பாவிக்க வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

கடையில் வாங்குபவர்கள் இரண்டு சோதனை செய்து பார்க்கலாம். மொட்டின் தலைக்குக் கீழே உள்ள தண்டை நகத்தால் அழுத்துங்கள். நல்லதாக இருந்தால் நகத்தில் எண்ணெய் பளபளக்கும். அடுத்து, ஒரு கிளாஸ் தண்ணீரில் நாலைந்தைப் போடுங்கள். எண்ணெய் நிறைந்த கராம்பு மூழ்கும், அல்லது தலை மேலே இருக்க நிமிர்ந்து நிற்கும். எண்ணெய் வடித்து எடுத்த சக்கை படுத்தபடி மிதக்கும். சக்கையை வாயில் வைத்தால் மரக்குச்சி மாதிரிதான் இருக்கும். “கராம்பெல்லாம் வேல செய்யாது” என்று கைவிட்டவர்களில் சிலர் வைத்துப் பார்த்தது இதைத்தான்.

50 கிராம் வாங்கினால் போதும். ஒரு கராம்பு சுமார் 80 மில்லிகிராம் என்று வைத்தால் அதில் 600க்கு மேல் இருக்கும். ஒரு நாளைக்கு எட்டு வீதம் இரண்டரை மாதத்துக்கு வரும்.

எட்டு என்ற கணக்கு

உலக சுகாதார அமைப்பும் உணவு விவசாய அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, இயூஜினோலுக்கு ஒரு நாள் எல்லையாக உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் 2.5 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறது. 50 கிலோ எடையுள்ளவருக்கு அது 125 மில்லிகிராம். ஒரு நல்ல கராம்பில் ஏறக்குறைய 10 மில்லிகிராம் இயூஜினோல் இருக்கும். அப்படியானால் பன்னிரண்டு கராம்பு மேல் எல்லை. கறியிலும் பிளேன் டீயிலும் போகும் கராம்பையும் சேர்த்துப் பார்த்து, வாயில் வைப்பதை எட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 40 கிலோவுக்கும் குறைந்த மெல்லிய உடம்பானால் ஆறு.

வாயில் வைக்கும் விதம்தான் முக்கியம். ஒரு கராம்பை எடுத்து, கடிக்காமல், முதலில் நாக்கின் மேல் வைத்து எச்சிலில் ஒரு நிமிடம் ஊற விடுங்கள். பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே தள்ளுங்கள். காரம் சுரீரென்று ஏறும்போது இடத்தை மாற்றுங்கள், வலப்பக்கம் இரண்டு நிமிடம், இடப்பக்கம் இரண்டு நிமிடம், நடுவில் நாக்கின் மேல். பத்து நிமிடத்தில் மென்மையாகிவிடும். விரும்பினால் அப்போது இரண்டு கடி மென்று, சக்கையைத் துப்பிவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். முதல் இரண்டு நாள் காரம் தாங்காவிட்டால் கராம்பை இரண்டாக ஒடித்துப் பாதியை வையுங்கள், அல்லது ரொட்டிக் கல்லில் அரை நிமிடம் புரட்டி எடுங்கள். சூடுபட்டால் எண்ணெய் கொஞ்சம் பறந்து காரம் தணியும். கல்லில் கருகவிட்டால் கசப்புத்தான் மிஞ்சும்.

வெறும் வயிற்றில் வேண்டாம். விடிகாலையில் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்குப் போகுமுன் தேத்தண்ணியோடு ஒரு துண்டு ரொட்டியாவது உள்ளே போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நெஞ்செரியும்.

மெல்லும் வாய்க்கு ஒரு கூட்டு

கராம்பிடம் ஒரு குறை உண்டு. வெற்றிலை போடுபவருக்கு வாய் நிறைய ஏதாவது அரைபட வேண்டும், தாடை அசைய வேண்டும். ஒற்றைக் கராம்பு தாடைக்கு வேலை கொடுக்காது. அதற்கு இப்படி ஒரு கூட்டுச் செய்து டப்பாவில் வைத்துக்கொள்ளலாம்.

பெருஞ்சீரகம் நான்கு மேசைக்கரண்டி, ஓமம் ஒரு தேக்கரண்டி, ஏலக்காய் ஐந்து, கறுவாப்பட்டை விரல் நீளத்தில் ஒன்று. பெருஞ்சீரகத்தையும் ஓமத்தையும் எண்ணெய் விடாமல், சிறு தீயில், வாசம் கிளம்பும் வரை மட்டும் வறுத்து ஆறவிடுங்கள். கறுவாவைச் சிறு சில்லுகளாக ஒடித்துப் போடுங்கள். ஏலக்காயைத் தோலோடு நசுக்கினால் போதும். சூடு ஆறுமுன் மூடினால் வியர்த்து ஈரமாகிவிடும். ஒரு தடவைக்கு அரைத் தேக்கரண்டி, அதோடு வேண்டுமானால் அந்த நேரத்துக் கராம்பு ஒன்று. சீனி முட்டாயோ கற்கண்டோ சேர்க்க ஆசை வரும். சேர்த்தால் பல்லும் சர்க்கரையும் வேறு தலைவலியைக் கொண்டுவரும்.

கடையில் பளபளக்கும் பக்கெட்டில் வாசனைப் பாக்கு என்று விற்பதை இதற்குப் பதிலாக வாங்கவே கூடாது. அது பாக்குத்தான். பாபுல், மாவா என்பவையும் பாக்கும் புகையிலையும் சேர்ந்தவையே. புகையிலை கலந்த மெல்லும் பொருள்களின் இறக்குமதியும் தயாரிப்பும் விற்பனையும் 2016 முதல் இலங்கையில் தடை. தடை இருக்கிறது என்பதற்காகக் கைக்கு எட்டாது என்று நினைத்துவிட வேண்டாம்.

ஒரு தோட்டத்து நாளில் இதை எங்கே பொருத்துவது?

முதல் கிழமை எதையும் விடவேண்டாம், எண்ணுங்கள் போதும். காலையில் அன்றைய நாளுக்கு வேண்டிய பாக்கை வெட்டி ஒரு பொட்டலத்தில் போடுங்கள், இரவில் மிச்சத்தை எண்ணினால் எத்தனை தடவை போட்டோம் என்பது தெரிந்துவிடும். கொழுந்து எடுக்கும் ஒரு பெண்ணின் நாளில் ஏறக்குறைய இப்படி வரும்: எழுந்தவுடன் ஒன்று, மலை ஏறுமுன் ஒன்று, பத்து மணித் தேத்தண்ணிக்குப் பிறகு, பகல் கொழுந்து நிறுவைக்குக் காத்து நிற்கும்போது, சாப்பிட்ட பின், பின்னேர நிறுவையில், இரவு அடுப்படி வேலை முடிந்து இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) உட்காரும்போது. ஏழு தடவை. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. மலை ஏறும்போது குளிர், நிறுவையில் சும்மா நிற்பது, சாப்பிட்ட பின் வாய் நாற்றம், இஸ்தோப்பில் பேச்சுத் துணை.

இரண்டாம் கிழமையில் மிக எளிதானவற்றை எடுங்கள். பெரும்பாலும் அவை சும்மா நிற்கும் நேரத்து வெற்றிலைகள்தான். இரண்டு நிறுவையிலும் கராம்புக் கூட்டு. மூன்றாம் கிழமையில் பத்து மணிக்கும் மலை ஏறுமுன்னும். குளிருக்காகப் போடுவதற்கு, ஒரு கராம்பு தட்டிப்போட்ட சுடு சாயத்தண்ணி நல்ல பதில். கடைசியில் எழுந்தவுடன், சாப்பாட்டுக்குப் பின், இரவு என்ற மூன்று பிடிவாதக்காரர்கள் மிஞ்சுவார்கள். இவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்க முடியாது. ஒரு நாள் குறித்து மூன்றையும் ஒன்றாக நிறுத்த வேண்டும். ஒரு நாளில் நான்கு தடவைக்குக் குறைவாகப் போடுபவர்களும் இந்தப் படிகளைத் தாண்டி, நேரே நாள் குறித்துவிடலாம்.

குறித்த நாளில் பையைக் கொட்டிவிடுங்கள். மலையில் காலில் ஏறும் அட்டைக்குத் தடவச் சுண்ணாம்பு வேண்டும் என்று டப்பாவை மட்டும் வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். டப்பா இருந்தால் பாக்கு அதைத் தேடி வந்துவிடும். அட்டைக்கு உப்புப் பொட்டலம் போதும்.

நிறுத்திய சில மணித்தியாலத்திலேயே உடம்பு கேட்கத் தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாள் மிகக் கடினம். எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை, வேலையில் கை ஓடாமை எல்லாம் வரும். நிக்கோட்டின் போனதும் பலருக்கு மலச்சிக்கல் வரும், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தண்ணீர், கீரை, வாழைப்பழம் கொஞ்சம் கூடுதலாக எடுங்கள். மூன்று நான்கு கிழமையில் உடம்பின் கேள்வி பெரும்பாலும் அடங்கிவிடும். ஆகவே சம்பள நாளையும் திருவிழாவையும் தவிர்த்து, குறித்த நாளுக்குப் பின் மூன்று நாளாவது அமைதியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஐயப்பனுக்கு மாலை போடுபவர்களுக்கு 41 நாள் தானாகக் கிடைக்கிறது. உடம்பின் தேவை தீர அது தாராளம். ஆனால் மாலையைக் கழற்றிய அன்றே பலர் திரும்பப் போடுகிறார்கள், கழற்றிய பின் வரும் நாள்களுக்குக் கையில் எதுவும் இல்லாததால். கராம்பு டப்பா அன்றைக்குத்தான் அதிகம் தேவை.

பீடிக்காரர்களுக்கு

பீடி, சிகரெட் பிடிப்பவருக்குப் பிரச்சினை வாயில் பாதி, விரலில் பாதி. இவருக்குக் கராம்போடு கறுவாக் குச்சி ஒன்றும் வேண்டும். நம் நாட்டுக் கறுவா மெல்லிய பட்டைகளைச் சுருட்டிச் செய்வது, அதனால் மூன்று அங்குலத் துண்டை உதட்டில் வைத்து இழுத்தால் காற்று உள்ளே வரும், தொண்டையில் இலேசாக உறைக்கும். தடித்த, ஒற்றைப் பட்டையாக வரும் வெளிநாட்டுக் கறுவாவில் கல்லீரலுக்கு ஆகாத கூமரின் அதிகம், நாள் முழுக்கச் சப்புவதற்கு அது வேண்டாம்.

தொண்டையில் உறைப்பது ஏன் உதவுகிறது? புகைப்பவர் தேடுவது நிக்கோட்டினை மட்டுமல்ல, புகை தொண்டையிலும் நெஞ்சிலும் உரசிக்கொண்டு போகும் அந்த உணர்வையும்தான். 1994 இல் வெளியான ஓர் ஆய்வில், இரவு முழுக்கப் புகைக்காமலிருந்த 48 பேரில் ஒரு பகுதியினருக்கு மிளகு எண்ணெயின் ஆவியை இழுக்கக் கொடுத்தார்கள். மூன்று மணி நேரத்தில் அவர்களுக்கு சிகரெட் ஆசை மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. சிறிய ஆய்வு, ஒரே அமர்வு. அதிலிருந்து எடுக்க வேண்டியது, அந்த உரசல் உணர்வுக்கும் ஒரு மதிப்பு உண்டு என்பதை மட்டுமே. இதைக் கேட்டுவிட்டு மிளகுத்தூளைத் தணலில் போட்டு ஆவி பிடிக்கக் கூடாது, மூச்சுக்குழாய் வெந்துபோகும்.

கராம்பைப் பற்ற வைத்துப் புகைப்பதும் தீர்வல்ல. இந்தோனேசியாவின் சாவகத் தீவிலுள்ள குடுஸ் நகரில் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில், நெஞ்சு வலிக்கு மருந்து என்றுதான் கராம்பு கலந்த சிகரெட் தொடங்கியதாகச் சொல்வார்கள். கிரெட்டெக் என்று பெயர். கராம்பு தொண்டையை மரக்க வைப்பதால் புகை உறைக்காது, ஆகவே இன்னும் ஆழமாக இழுக்க முடியும். மருந்தாக வந்தது பழக்கத்துக்கே பாதை போட்டுக் கொடுத்தது.

கராம்பு எங்கே காலை வாரும்?

அடிக்கடி நடப்பது வாய்ப்புண். எப்போதும் புகையிலை அதக்கிய அதே கன்னத்தில் கராம்பையும் அதக்குவதால் வருவது. அந்த இடத்துத் தோல் ஏற்கெனவே நலிந்திருக்கும். வெள்ளையாக வெந்தது போலத் தெரிந்தால் மூன்று நாள் கராம்பை நிறுத்தி, கூட்டை மட்டும் மெல்லுங்கள். கராம்போடு தூங்கிவிடுவது இன்னொன்று. அது மூச்சுக்குழாயில் போய் அடைத்தால் விபரீதம், இரவில் படுக்குமுன் வாய் கொப்பளித்துவிட்டே படுக்க வேண்டும்.

கராம்பு எண்ணெயை இதற்குப் பாவிக்கவே கூடாது. பல்வலிக்கென்று பாமசியில் வாங்கிய சிறு போத்தல் பல லயத்துக் காம்பராக்களில் இருக்கும். ஒரு மொட்டில் சொட்டாகக்கூட இல்லாத எண்ணெய் அதில் மில்லிலீற்றர் கணக்கில் இருக்கிறது. கலக்காமல் தடவினால் ஈறு வெந்துவிடும். 5 முதல் 10 மில்லிலீற்றர் குடித்த சிறு பிள்ளைகள் வலிப்பும் கல்லீரல் பாதிப்புமாக உயிராபத்து வரை போயிருக்கிறார்கள். பிள்ளை கை எட்டாத இடத்தில் வையுங்கள், குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

இரத்தம் உறையாமலிருக்க வாஃபரின், குளோபிடோகிரல், அஸ்பிரின் போன்ற குளிசைகள் எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம், இயூஜினோலும் இரத்தம் உறைவதைக் குறைக்கும் குணமுள்ளது. சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்களும் அப்படியே. கர்ப்பிணித் தாய்மார் சமையலில் சேரும் அளவோடு நிறுத்திக்கொண்டு, விடுவதற்கான உதவியைக் கிளினிக்கில் கேட்பது நல்லது.

இவை எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கராம்பு மரத்துப்போகச் செய்யும். பல் வைத்தியர்கள் இயூஜினோலைப் பாவிப்பதே அதற்காகத்தான். பல வருடம் வெற்றிலை போட்ட வாயில் உருவாகும் புண்ணின் வலியையும் அது மறைத்துவிடும். இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். ஆகவே கராம்பு தொடங்குமுன், பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று வாயை ஒருதரம் முழுதாகப் பாருங்கள். இரு கன்னங்களின் உட்புறம், நாக்கைத் தூக்கி அடிப்பக்கம், நாக்கின் ஓரங்கள், ஈறுக்கும் உதட்டுக்கும் நடுவே. துடைத்தால் போகாத வெள்ளைப் படலம், வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு, தடித்த முடிச்சு, இரண்டு கிழமையாக ஆறாத புண் ஏதாவது இருந்தால் கராம்பு அல்ல, பல் வைத்தியர் வேண்டும். அடுத்து மூன்று விரல் சோதனை. ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வாயைத் திறந்து பல்லுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால், கூடவே சம்பல் பட்டாலே வாய் எரிகிறது என்றால், பாக்கினால் வாய்த்தோல் இறுகத் தொடங்கியிருக்கலாம். அப்படிப்பட்ட வாய்க்குக் கராம்பு எரியும் கொள்ளி. பாக்கை அன்றே நிறுத்திவிட்டுக் காட்ட வேண்டும். தோட்ட டிஸ்பென்சரியிலோ பக்கத்து அரசாங்க வைத்தியசாலையின் பல் பிரிவிலோ காட்டினால், தேவைப்பட்டால் பேராதனை பல் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். காசு கட்ட வேண்டியதில்லை.

குடிப்பழக்கத்துக்கும் இதே வைத்தியமா?

இல்லை. இந்தக் கேள்வி கட்டாயம் வரும், ஏனென்றால் ஓமத்தை அவித்த தண்ணீர், சாதிக்காய்த் தூள், கராம்புக் கஷாயம் எல்லாவற்றையும் குடி மறக்க வைக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. ஓமத்தண்ணீர் வயிற்றுப் பொருமலுக்கு நல்லது, அவ்வளவுதான். சாதிக்காய் தானே ஒரு போதை. ஒரு முழுக் காய் அளவு, அதாவது ஐந்து கிராம் வரை தூளாகப் போனாலே குமட்டல், படபடப்பு, இல்லாததைக் காணும் மயக்கம் எல்லாம் வரலாம்.

சாராயமோ கசிப்போ தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் புகையிலையைப் போல எரிச்சலோடு முடிவதில்லை. ஆறு முதல் எட்டு மணித்தியாலத்தில் கை நடுங்கத் தொடங்கும், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு முதல் நான்கு நாளுக்குள் ஆளும் இடமும் தெரியாமல் பிதற்றும் நிலை வரலாம். அது உயிரை எடுக்கக்கூடியது. காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது என்பவர் வீட்டில் கஷாயம் வைத்துப் பார்க்கவே கூடாது, வைத்தியசாலையில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். 1926 மனநல உதவி இலக்கத்தில் வழி கேட்கலாம். சாப்பாட்டில் யாருக்கும் தெரியாமல் கலந்து கொடுக்கும் “குடி மறக்கும் பொடி” இன்னும் மோசம். சில பொடிகளில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. குடியோடு சேர்ந்தால் மூச்சுத் திணறலும் இதயப் பாதிப்பும் உண்டாக்கும் ஆங்கில மருந்து அதில் கலந்திருந்தால், கலந்தவர் கையாலேயே ஆள் போய்விடுவார்.

கராம்பை விடுவது

கராம்பும் பழகிப்போகும், அது நிக்கோட்டின் போலப் பிடிக்காது என்றாலும். குறித்த நாளிலிருந்து எட்டுக் கிழமை போதும். ஐந்தாம் கிழமையில் ஒரு நாளைக்கு ஆறாக்குங்கள், ஆறாம் கிழமையில் நான்கு, ஏழாம் எட்டாம் கிழமையில் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் ஒன்று அல்லது இரண்டு. கூட்டை விட அவசரமில்லை, இந்த அளவு பெருஞ்சீரகத்தால் பெரும்பாலும் கெடுதல் வருவதில்லை. நடுவில் ஒரு நாள் வழுக்கி, சாவு வீட்டிலோ கோயில் திருவிழாவிலோ யாராவது நீட்டிய வெற்றிலையைப் போட்டுவிட்டால், எட்டுக் கிழமையையும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. அடுத்த மூன்று நாளுக்கு மட்டும் கராம்பை மறுபடி எட்டாக்கிவிட்டு, விட்ட கிழமையிலிருந்து தொடருங்கள். இரண்டு மூன்று முறை இப்படித் தவறினால் தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகார சபையின் 1948 இலக்கத்துக்கு அழைத்துப் பேசுங்கள், அல்லது நிக்கோட்டின் அளவாகக் கொடுத்துக் குறைக்கும் மருந்துகள் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். அவற்றோடு சேர்த்தும் ஒரு கராம்பை வாயில் வைத்துக்கொள்ளலாம், ஒன்றுக்கொன்று பகையில்லை. நிக்கோட்டின் சுவிங்கம் மெல்லும் அரை மணி நேரம் மட்டும் வாயில் வேறு எதையும் வைக்காதீர்கள், எச்சில் அதிகம் ஊறினால் சுவிங்கத்தின் மருந்து வாய்த்தோலில் ஏறாமல் வயிற்றுக்குள் போய்விடும்.